ஆற்றில் டீ வந்த நாள்

அன்பு மகன் யூசுப்புக்கு,

நேற்று மத்தியானம் நீ புனேவுக்குப் போவதை முன்னிட்டு வீடு நிறைய ஆட்கள். பிரியாணிச் சட்டி காலியாகி எல்லாரும் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது உன் மாமி ஒரு கேள்வி கேட்டார். உன் அத்தாவின் இரும்புக்கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில், உன் அம்மா எதற்காகச் சின்னப் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போகிற வேலைக்குப் போனாள் என்று. நீ கை கழுவிக்கொண்டே, “பொழுது போகாமத்தான் மாமி” என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன் அத்தா மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். உனக்குத் தெரியாது, ஏனென்றால் நடந்ததெல்லாம் உன் கண் முன்னால்தான் நடந்தது என்றாலும், அப்போது உனக்கு நாலு வயசுதான். ஊருக்குப் போகிற பிள்ளைக்கு எல்லா அம்மாவும் புத்தி சொல்வார்கள். நான் அதற்குப் பதிலாக உனக்கு நடந்ததைச் சொல்கிறேன். புத்தி ஏதாவது அதற்குள் அகப்பட்டால் எடுத்துக்கொள். இதை உன் மாமியும் படிக்கட்டும், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

உன்னை நர்சரிப் பள்ளியில் சேர்த்த முதல் நாள் நீ போட்ட சத்தம் நம் ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் வரைக்கும் கேட்டிருக்கும். பள்ளி என்று பெயர்தான், ஒரு பழைய வீடு. முன்னால் ஒரு வேப்பமரம், பின்னால் ஒரு கிணறு. என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினால் நீ கதவை உதைத்தாய். நான் வாசல் படியில் உட்கார்ந்திருந்தால் உள்ளே சமர்த்தாக விளையாடினாய். இடையிடையே வந்து என் முந்தானையை ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டுப் போவாய். சரி, ஒரு வாரத்தில் பழகிவிடும் என்று உட்கார்ந்தேன். ஒரு வாரம் ஒரு மாதமானது. வீட்டில் காலையிலேயே சோறாக்கி வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினேன், உன் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். பள்ளியில் படித்த பிள்ளைகள் எல்லாருடைய பெயரும், யாருக்கு மூக்கு ஒழுகும், யார் யாரைக் கிள்ளுவான் என்பதும் எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது.

அந்தப் பள்ளியை நடத்தியவர் பத்மா டீச்சர். தெலுங்கு பேசும் ராஜுக்கள் வீட்டுப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், கல்யாணம் ஆகாதவர், லூனா வண்டியில் வருவார். கொடைக்கானல் பக்கம் ஒரு பள்ளியில் சில வருடம் வேலை பார்த்தபோது, சின்னப் பிள்ளைகளை வாரத்தில் ஒரு நாள் மரங்களுக்கு நடுவே கூட்டிப்போய் அங்கேயே பாடம் நடத்துவதைப் பார்த்திருக்கிறார். இங்கேயும் செய்யவேண்டும் என்று ஆசை. மேற்கே திரும்பினால் மலை கண் முன்னால் நிற்கிறது, ஆனால் பிள்ளைகள் சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்து ‘இது மரம், இது அணில்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களே என்று அடிக்கடி குறைப்படுவார். ஒருநாள் என் பக்கத்தில் படியில் வந்து உட்கார்ந்தார். “அக்கா, நீங்க எப்படியும் தினமும் இங்கதான் இருக்கீங்க. வியாழக்கிழமை வியாழக்கிழமை புள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு எனக்கு ஆள் வேணும். நான் சொல்லித் தாரேன், வாரீகளா?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பிறந்ததிலிருந்து தெரு தாண்டினால் துணை, ஊர் தாண்டினால் உன் அத்தா என்று வாழ்ந்தவள். காடு என்றால் எனக்கு அய்யனார் கோவில் பக்கம் பஸ்ஸிலிருந்து தெரிந்த பச்சை, அவ்வளவுதான். ஆனாலும் வாய் என்னைக் கேட்காமலே ‘சரி’ என்று சொல்லிவிட்டது.

உன் அத்தாவிடம் அன்று இரவு தோசை ஊற்றும்போது சொன்னேன். முதலில் பள்ளிக்கூடத்துக்குள்ளே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று நினைத்து, நல்லதுதானே என்றார். காடு என்றதும் கை நின்றது. பாம்பு, பூச்சி, யானை என்று வரிசையாகச் சொன்னார். நான் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. இன்னொரு தோசை வைத்தேன். கடைசியில், பயிற்சிக்கு மட்டும் போய்ப் பார், முதல் அட்டை காலில் ஏறியதும் நீயே வந்துவிடுவாய் என்றார். அட்டை ஏறத்தான் செய்தது. நான் வரவில்லை.

பயிற்சி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பில் நடந்தது. வனத்துறையில் கேட்டு அனுமதி வாங்கியிருந்தார் பத்மா. பயிற்சிக்கு வந்தவர்கள் இரண்டே பேர். நானும் ரோஸ்லினும். ரோஸ்லின் செட்டியார்பட்டிக்காரி, ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து, பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் நின்றவள். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அவள் சாதாரணமாக ‘பஸ் வருது’ என்று சொன்னால் பஸ்ஸே நின்று திரும்பிப் பார்க்கும். காலை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் போவோம். உன்னையும் கூட்டிப்போவேன். நீ பத்மா டீச்சரின் தோளில் தூங்கிக்கொண்டே வருவாய்.

முதல் நாள் என்ன பாடம் என்று நினைக்கிறாய்? மாந்தோப்புக்குள் நுழைந்ததும் பத்மா, “ரெண்டு பேரும் முட்டிபோட்டு நடங்க” என்றார். நான் முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு சுற்றுமுற்றும் பார்த்தேன். தோப்புக் காவல்காரரின் ஆடுகளைத் தவிர யாருமில்லை. முட்டிபோட்டோம். பிள்ளைகள் உயரத்திலிருந்து பார்த்தால் அது வேறு இடம், யூசுப். நின்றால் தெரியாத முள், அங்கே நேராகக் கண்ணுக்கு எதிரே நீட்டிக்கொண்டிருக்கிறது. நின்றால் வெறும் சருகாகத் தெரிந்தது, கீழே எறும்புகளின் கடைவீதியாக இருக்கிறது. ஒரு மரவட்டையை மூக்குக்கு முன்னால் பார்த்து ரோஸ்லின் ஒரு கத்துக் கத்தினாள். தோப்பிலிருந்த மைனாக்கள் மொத்தமும் எழும்பிப் போயின. நாங்கள் மூன்று பேரும் தரையில் விழுந்து சிரித்தோம். கல்யாணத்துக்குப் பிறகு நான் அப்படி வயிறு வலிக்கச் சிரித்தது அன்றுதான். யாரையாவது உனக்குப் புரியவில்லை என்றால், அவர் உயரத்துக்குக் குனிந்து பார். நான் செண்பகத்தோப்பு மண்ணில் முட்டி தேய்ந்து கற்றுக்கொண்டது இது.

அடுத்தடுத்த நாட்களில் நிறையக் கற்றோம். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் நாம் போய் அந்த இடத்தை முழுதாகச் சுற்றிப் பார்க்கவேண்டும். கதண்டுக் குளவிக் கூடு இருக்கிறதா, தொட்டால் அரிக்கும் காஞ்சொறிச் செடி இருக்கிறதா, காய்ந்த கிளை தலைக்கு மேலே தொங்குகிறதா என்று. பிள்ளை ஒன்றைக் காட்டி ‘இது என்ன’ என்று கேட்டால் உடனே பெயர் சொல்லக்கூடாது. நீ என்ன பார்த்தாய் என்று திருப்பிக் கேட்கவேண்டும். இது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நீ ஒருநாள் உச்சாணிக் கிளையைக் காட்டி, “அம்மா, பூனை” என்றாய். நான் பார்த்தேன், சாம்பல் நிறத்தில், நீளமான வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மலை அணில் எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. ‘அது அணில்டா’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, பூனை என்ன செய்கிறது என்று கேட்டேன். நீ அண்ணாந்து பார்த்தபடி நின்றாய். அது அடுத்த மரத்துக்கு ஒரு தாவு தாவியது. அதற்கப்புறம் மெதுவாக, “பூனை இல்லம்மா. அணிலோட அத்தா” என்றாய். பத்மா என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார்.

இன்னொன்று, கை. பிள்ளை கிளையில் ஏறும்போது நம் கை தானாக நீளும். பத்மா என் இரண்டு கையையும் பிடித்துப் பின்னால் கட்டிவைத்துவிடுவார். “விழுந்தா எம்புட்டு உயரம்னு மட்டும் பாருங்கக்கா. உங்க இடுப்புக்குக் கீழன்னா சும்மா நில்லுங்க. கண்ணு மட்டும் போதும்” என்பார். நீ புளியமரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறி, பிடி வழுக்கி, தொங்கி, மறுபடி கால் போட்டு ஏறி உட்கார்ந்தபோது, என் பின்னால் கட்டிய கை இரண்டும் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டிருந்தன. உட்கார்ந்ததும் நீ என்னைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்தாய். அதற்கு அடுத்த வாரம்தான் நீ பள்ளி வாசலில் என் முந்தானையை விட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடினாய். எனக்குப் படியில் உட்கார வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் அதற்குள் காட்டை விட்டுவர மனசில்லாமல் ஆகியிருந்தது. யாருக்கும் உதவி செய்யப் போகும்போது, கேட்காத இடத்தில் கை நீட்டாதே, மகனே. பார்த்துக்கொண்டு பக்கத்தில் நில்.

எனக்குப் பெரிய சோதனையாக வந்தது குரல். காட்டில் பிள்ளைகளைக் கூப்பிட விசில் ஊதக்கூடாது, அதட்டக்கூடாது. ஆளுக்கொரு கூப்பிடு பாட்டு வைத்திருக்கவேண்டும். அது ஓடைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கேட்கவேண்டும். ரோஸ்லினுக்கு இது ஒரு வேலையே இல்லை. நானோ, வாசலுக்கு வந்த கீரைக்காரியைக்கூட அடுப்படியில் இருந்து கூப்பிட்டு அறியாதவள். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பத்மா விடவில்லை. குரல் வராமல் உதவியாளர் என்று உங்களை எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் பழகினேன். ‘வாங்க வாங்க வாத்துக்கூட்டம், வரிசை கட்டி வாங்க’ என்று நானே கட்டிய பாட்டு. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, உடம்புக்கு ஏதும் பண்ணுதா என்று கேட்டாள். ஒருநாள் ஓடைக்கரையில் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். எதிர்க்கரையிலிருந்து பத்மா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். கேட்டுவிட்டது. எனக்கு அது ஏதோ மேடையில் மாலை போட்டது போல இருந்தது.

கடைசிப் பாடம் தண்ணீர். ஓடை கணுக்கால் அளவுதான் ஓடும். ஆனால் மலைக்கு மேலே மழை பெய்தால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் இறங்கிவரும். நிறம் மாறினாலே போதும், எந்தப் பக்கம் மேடோ அந்தப் பக்கம் ஏறிவிடவேண்டும். ஏறின பிறகு தண்ணீர் வடிகிற வரைக்கும் இறங்கக்கூடாது. யார் கூப்பிட்டாலும் இறங்கக்கூடாது. “நானே கூப்பிட்டாலும் வராதீங்க” என்றார் பத்மா. சரி என்று தலையாட்டினேன். தலையாட்டுவது எளிது.

ராஜபாளையத்தில் வியாழக்கிழமை வகுப்பு தொடங்கியது. அய்யனார் கோவில் ஆற்றுக்கு வந்து சேரும் ஒரு ஓடைப் பக்கம். வாடகை வேனில் பிள்ளைகள் பாடிக்கொண்டே வருவார்கள். பெற்றோர்களில் பாதிப் பேர் பிள்ளைகளின் சட்டையில் ஒட்டிய சேற்றைப் பார்த்து முகம் சுளித்தார்கள். மீதிப் பேர் அன்று மட்டும் பிள்ளை கேட்டு வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். உன் அத்தா இரண்டிலும் சேராமல், ஒவ்வொரு வாரமும் வேன் டயரை மிதித்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவார்.

ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை ஒன்று. நல்ல வெயில். பத்மாவும் ரோஸ்லினும் பாதிப் பிள்ளைகளோடு ரோட்டுப் பக்கக் கரையில் இருந்தார்கள். ஒரு பிள்ளையின் காலில் முள் குத்தி அதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் உன்னையும் சேர்த்து மற்ற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடையைக் கடந்து, எதிர்க்கரையில் மருதமரத்தடியில் காய் பொறுக்கப் போயிருந்தேன். நட்சத்திரம் மாதிரி விளிம்பு வைத்த காய்கள். நீ தண்ணீர் ஓரத்தில் காயைக் கப்பலாக விட்டுக்கொண்டிருந்தாய். திடீரென்று எழுந்து நின்று, “அம்மா, ஆத்துல டீ வருது” என்றாய்.

நான் பார்த்தேன். கண்ணாடி போல ஓடிய தண்ணீரின் நடுவே ஒரு பழுப்புக் கோடு. அதில் காய்ந்த இலையும் சுள்ளியும் சுற்றிச் சுற்றி வந்தன. பத்மா சொன்ன நிறம் மாற்றம் இதுதான். அதற்கப்புறம் என் வாய் தானாகத் திறந்து பாடியது. வாங்க வாங்க வாத்துக்கூட்டம். பிள்ளைகள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். வரிசையாகச் சரிவில் ஏறி, மேட்டிலிருந்த ஒரு பெரிய பாறையில் உட்கார்ந்தோம். தலைகளை எண்ணினேன். திரும்ப எண்ணினேன். சரியாக இருந்தது. கீழே, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நீ கப்பல் விட்ட இடத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் பத்மா உள்ளங்கையைத் தரையைப் பார்த்து அமுக்கிக் காட்டினார். அங்கேயே இருங்கள் என்று அர்த்தம். வேன்காரர் மற்ற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊருக்குச் சொல்லப் போனார்.

பெற்றோர்கள் வந்து சேர்ந்தபோது அஸர் தொழுகை நேரம், சாயங்காலம் ஆகியிருந்தது. கார், மோட்டார் சைக்கிள், ஒரு டிராக்டர்கூட வந்தது. எங்களோடு இருந்த பேத்தியைப் பார்த்து மில் முதலாளி வீட்டு அம்மா கரையில் உட்கார்ந்து அழுதார். உன் அத்தா கடையிலிருந்த தடித்த நைலான் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்தார். நுனியில் ஒரு ஸ்பேனரைக் கட்டி, ஒரே வீச்சில் எங்கள் பக்கம் எறிந்தார். இரும்புக்கடைக்காரர் கை, குறி தப்பவில்லை. நான் கயிற்றை எடுத்து மரத்தில் கட்டினேன். அவர் பக்கம் அவர் கட்டினார். கட்டிவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு பாதி ஆறு வரை வா, மீதிக்கு நான் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று கை காட்டினார். மற்ற அப்பாக்களும் அதையே கத்தினார்கள். இருட்டினால் யானை வரும் என்று ஒருவர் கத்தினார். அது எனக்கும் தெரியும்.

யூசுப், கல்யாணமான நாளிலிருந்து உன் அத்தா சொன்ன ஒன்றை நான் அதுவரை தட்டியதில்லை. தட்ட வேண்டி வந்ததுமில்லை, நல்ல மனிதர். தண்ணீரைப் பார்த்தேன். முழுத் தென்னமட்டை ஒன்று, நான் ‘யா அல்லாஹ்’ என்று சொல்லி முடிப்பதற்குள் கண்ணை விட்டுப் போய்விட்டது. நான் தலையை ஆட்டினேன், மாட்டேன் என்று. அவருக்குப் புரியவில்லை. நான் பயந்துபோய் நிற்கிறேன் என்று நினைத்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து அவரே தண்ணீரில் இறங்கினார். முழங்கால். தொடை.

“இறங்காதீங்க. ஏறுங்க. கரைக்கு ஏறுங்க. நான் வரமாட்டேன், புள்ளைகளும் வராது. தண்ணி வடியட்டும்.”

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. ஆற்றுச் சத்தத்துக்கு மேலே அது போய் அடித்தது. கரையில் இருந்த அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். உன் அத்தா தண்ணீரில் நின்றபடியே என்னைப் பார்த்தார். கோபமா, ஆச்சரியமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கயிற்றை ஒரு தரம் மாற்றிப் பிடித்தார். பிறகு பின்னால் கால் வைத்து, கரையில் ஏறினார். அவர் ஏறி, கைலியைப் பிழிந்துகொண்டிருக்கும்போது, மேலேயிருந்து ஒரு மரம் வேரோடு உருண்டு வந்தது. கயிற்றில் மோதியது. கயிறு வில் மாதிரி வளைந்து, நூல் போல அறுந்தது. உன் அத்தா தன் பக்கம் மிஞ்சிய கயிற்றுத் துண்டைப் பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் எங்களைக் கூப்பிடவில்லை.

இனிமேல்தான் நான் உனக்குச் சொல்ல ஆசைப்பட்டதே. பாறைமேல் நீங்கள் யாரும் அழவில்லை. உங்களுக்கு அது ஒரு நீண்ட வியாழக்கிழமை, அவ்வளவுதான். என் பையில் தண்ணீர் பாட்டிலும் முறுக்குப் பொட்டலமும் இருந்தன. முறுக்கை உடைத்து, ‘ஆற்றைப் பார்க்கிற விருந்து’ என்று பெயர் வைத்துப் பங்கு போட்டோம். இலையைக் காசாக வைத்து நீ இரும்புக்கடை போட்டாய். கூழாங்கல் எல்லாம் ஆணி. மில் முதலாளி வீட்டுப் பேத்தி உன்னிடம் ஆணி வாங்கி, விலை கூடுதல் என்று சண்டை போட்டாள். எதிர்க்கரையில் ரோஸ்லின் எழுந்து தன் கூப்பிடு பாட்டைப் பாடினாள். நீங்கள் பதில் பாட்டுப் பாடினீர்கள். அவள் ஒரு வரி, நீங்கள் ஒரு வரி. கொஞ்ச நேரத்தில் அழுதுகொண்டிருந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சேர்ந்துகொண்டார். நீ பாறை நுனிக்குப் போய், வாயில் கை குவித்து, “அத்தா, சோறு தின்னீகளா” என்று கத்தினாய். உன் அத்தா இல்லை என்று கை விரித்தார். “முறுக்கு தீந்துபோச்சு அத்தா” என்று ரொம்ப வருத்தமாகத் தெரிவித்தாய். இரண்டு கரையும் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் எனக்குக் கண் நிறைந்தது. பயம் எப்போது போனது என்று தெரியாமலே போயிருந்தது.

பொழுது அடைகிற மஃரிபுக்கு முன்னாலேயே தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அவசரப்படவில்லை. நடுவில் இருந்த கற்கள் தலைகாட்டி, பழைய நிறம் பாதி திரும்பின பிறகு, ஒரு கம்பை ஊன்றிப் பார்த்தேன். அப்புறம்தான் கையைத் தூக்கினேன். அப்பாக்கள் கைகோர்த்து வரிசையாக நின்றார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தோளேறிப் போனார்கள். உன்னைத் தூக்க வந்தபோது நீ மறுத்து, அத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாய். கரை ஏறியதும் பத்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “பர்வாலேதக்கா, பர்வாலேது” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எது நடந்தாலும் ஒன்றுமில்லை, பரவாயில்லை என்று தெலுங்கில் அவர் சொல்வது அது. அன்று மட்டும் சொல்லிக்கொண்டே அழுதார்.

உன் அத்தாவின் வண்டியில் வீடு திரும்பினோம். நீ என் மடியில் தூங்கிவிட்டாய். தெரு முனை வந்தபோது அவர் ரோட்டைப் பார்த்தபடியே, “அம்புட்டுச் சத்தம் ஒனக்குள்ள எங்கிட்டு இருந்துச்சு?” என்று கேட்டார். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது பழகினது என்றேன். அவர் சிரிக்கத் தொடங்கியவர், வண்டியை ஓரம் நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அடுத்த வாரம் பள்ளியில் பெற்றோர்கள் கூடினார்கள். காட்டு வகுப்பை நிறுத்தவேண்டும் என்று பலரும் பேசினார்கள். அவர்கள் மீது தப்பில்லை, பெற்ற வயிறு. பத்மா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஓடையைக் கடந்து போகாமல் இருந்திருக்கலாம், இனி மழைக்காலத்தில் கடக்கமாட்டோம் என்று அவரே சொன்னார். அப்போது கடைசி வரிசையிலிருந்து உன் அத்தா எழுந்தார். கடையில் வருகிறவரிடம்கூட நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர்.

“அன்னைக்கு நான் ஆத்துல இறங்குனேன். அவ ஏறச் சொன்னா, ஏறுனேன். அதனாலதான் இப்ப உங்க முன்னால நிக்கேன். நமக்கு யாருக்கும் தெரியாதது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்காவ. எம்புள்ளையும் அதைப் படிக்கணும். வர்ற வியாழக்கிழமை அவன் போவான்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். பிறகு மில் முதலாளி வீட்டு அம்மா, என் பேத்தி நேற்றும் கேட்டாள், எப்போது பாறைக்குப் போவோம் என்று, அவளும் வருவாள் என்றார். இரண்டு வீட்டார் பிள்ளையை நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவர் பொங்கலுக்குப் பிறகு தானாகக் கொண்டுவந்து விட்டார். வகுப்பு நிற்கவில்லை. தொண்ணூறுகளில் பத்மா கல்யாணமாகிப் போன பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தும் வன்னியம்பட்டியில் இருந்தும் பெண்கள் என்னிடம் பயிற்சிக்கு வந்தார்கள். அவர்களை நான் முட்டிபோட வைத்திருக்கிறேன். பிளவக்கல் அணை வரை பிள்ளைகளைக் கூட்டிப்போயிருக்கிறேன். நீ காலேஜில் இருந்த வருடங்களிலும் வியாழக்கிழமை எனக்கு வீட்டில் இருப்பு கொள்ளாது. இது பொழுது போகாமல் செய்கிற வேலையா என்று நீயே சொல்.

அந்தக் கூட்டத்துக்கு அடுத்த வியாழக்கிழமையைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். காலையில் வேனுக்குப் பக்கத்தில் உன் அத்தா நின்றார். டயரை மிதித்துப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்திருந்தார். “நானும் வாரேன்” என்று சொல்லி, ஏறி, கடைசி சீட்டில் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார். அன்று ஓடையைக் கடக்கவில்லை, ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு மாந்தோப்பிலேயே இருந்தோம். நீங்கள் எல்லாரும் சேர்ந்து அவரைச் சுள்ளி பொறுக்க வைத்தீர்கள், குதிரையாக்கினீர்கள், மரம் மரமாக ஓடவிட்டீர்கள். மத்தியானம் சோறு தின்றதும், பாவம், மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தவர் அப்படியே அசந்துவிட்டார். நீதான் முதலில் ஒரு மாவிலையைக் கொண்டுவந்து அவர் நெஞ்சில் வைத்தாய். அப்புறம் எல்லாரும். சத்தமில்லாமல், கை நிறையச் சருகு அள்ளிவந்து, காலிலிருந்து கழுத்து வரைக்கும் அவரை மூடிக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அவர் விழித்துத்தான் இருந்தார். கண்ணை மட்டும் மூடிக்கொண்டு, இலை சரிந்துவிடக்கூடாது என்று மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு, நீங்கள் மூடி முடிக்கிற வரைக்கும் அசையாமல் கிடந்தார்.

புனேவில் உனக்கு வேலை இருக்கும், ஓட்டம் இருக்கும், பெரிய ஆளாக வருவாய். அல்லாஹ் எல்லாம் தருவான். என்றாவது ஒருநாள் ஒரு பிள்ளை, உன் பிள்ளையோ யார் பிள்ளையோ, உன்மேல் ஒரு இலையைக் கொண்டுவந்து வைத்தால், எந்த அவசரம் இருந்தாலும் எழுந்துவிடாதே, மகனே. படுத்திரு.

உன் அம்மா